காலடி படாத புல்லுக்குக் குடிநீர் எதற்கு?

கோலாகுபு பாருவுக்கு அப்பால், மலையடிவாரத்தில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றை மறித்துக் கட்டிய சிலாங்கூர் ஆற்று அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீர், ஆற்றோடு பல மைல் இறங்கி வந்து, பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய சுத்திகரிப்பு நிலையங்களில் இறைக்கப்பட்டு, மருந்திட்டுத் தெளியவைக்கப்பட்டு, மணற்படுகையில் வடிக்கப்பட்டு, குளோரின் கலந்து கிருமி நீக்கப்பட்டு, மீண்டும் மின்விசையால் உந்தப்பட்டு, பெருங்குழாய்களின் வழியே நகரங்களையும் தொழிற்பேட்டைகளையும் கடந்து, கடலோரத்தில் உள்ள நம் ஊர்களுக்கு வந்து சேருகிறது. இவ்வளவு பிரயாசையோடு வந்து சேரும் ஜலத்தை நாம் குடிக்கிறோம், சமைக்கிறோம், குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். அதிலேயே ஒரு பகுதியை எடுத்து, எவரும் நடக்காத, எவரும் உட்காராத, குழந்தைகள் விளையாடாத, ஆடுமாடுகளும் மேயாத அலங்காரப் புல்தரைக்கு இறைத்துவிடுகிறோம். இந்தக் கடைசிக் காரியத்தை நாம் நிறுத்திவிட வேண்டும் என்பதும், அந்தப் புல் இருந்த இடத்தில் மழைநீரைக்கொண்டே வாழக்கூடிய மரஞ்செடிகொடிகளை வளர்க்க வேண்டும் என்பதும் என் கட்சி.

போர்ட் கிள்ளான்வாசிகளிடம் நீரின் அருமையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும் என்பதை அறிவேன். மூன்று புறமும் உப்புநீர் சூழ்ந்து கிடக்க, குடிநீருக்கு மலையையே நம்பியிருக்கும் துறைமுகம் இது. தென்மேற்கே பூலாவ் இண்டாவில் உலகத்துக் கப்பல்களெல்லாம் வந்து நிற்கின்றன. கிழக்கே பண்டமாரானில் வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. நீர்த்தடை அறிவிப்பு வந்துவிட்டால், துறைமுகத் தொழிலாளியின் வீடானாலும் கப்பல் முகவரின் வீடானாலும் வாளியும் பீப்பாயும் நிறைந்து நிற்பது ஒன்றுபோலத்தான். ஆனால் அருமை அறிந்தவர்களாகிய நாமும், குழாயில் நீர் திரும்பிவந்த மறுநாளே, வாளிகளைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறோம். அருமை தெரிந்திருப்பதற்கும் அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்துகொள்வதற்கும் இடையே உள்ள தூரமே எனக்குக் கவலை தருகிறது.

நம் அனுபவத்துக்கு எட்டிய மூன்று நெருக்கடிகளை எண்ணிப் பார்க்கலாம். 1998-ல் எல் நினோவின் விளைவாக மழை பொய்த்து, லாங்காட், செமினி, கிள்ளான் கேட்ஸ் அணைகளில் நீர் அபாயகரமாகக் குறைந்தபோது, காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தலைநகரம் கோலாகலமாக ஆயத்தமாகிக்கொண்டிருந்த அதே மாதங்களில், கிள்ளான் பள்ளத்தாக்கின் பல வட்டாரங்களில் முறைவைத்துத் தண்ணீர் விடப்பட்டது. 2014-ல் சிலாங்கூர் ஆற்று அணையின் கையிருப்பு 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதனால், பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை, இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் வெறுங்குழாய் என்ற நியமத்தின்படி லட்சக்கணக்கான குடும்பங்கள் காலம் தள்ளின. மூன்றாவது நெருக்கடி வேறு தினுசானது. 2020 செப்டம்பரில் மழைக்கு யாதொரு குறையும் இல்லை. அணையிலும் நீர் இருந்தது. எனினும் ரவாங் அருகே கோங் ஆற்றில் கலந்த கழிவின் காரணமாக நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை ஒரே சமயத்தில் மூட நேர்ந்து, கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங், கோம்பாக், கோலாலம்பூர் உள்ளிட்ட வட்டாரங்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமான நீர்க்கணக்குகளுக்கு வழங்கல் தடைப்பட்டது. ஆகவே, வானம் வஞ்சித்தால்தான் பஞ்சம் என்று எண்ணுவதற்கு இடமில்லை. ஆகாயத்திலிருந்து கொட்டும் நீர் வேறு, சுத்திகரித்த குடிநீர் வேறு. முன்னது நமக்கு ஏராளம், பின்னது எந்நாளும் சொற்பம்.

இந்தப் பேதத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அலங்காரப் புல்லை ஒழிக்கும் இயக்கம் பெரும்பாலும் பாலைவன நாடுகளில் தோன்றியது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகாஸ் நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டர் அளவே. அங்கே கொலராடோ ஆற்றை நம்பி வாழும் ஜனங்கள், புல்தரையைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை 1999-ல் தொடங்கி, இதுவரை 20 கோடி சதுர அடிக்கும் மேற்பட்ட புல்லை அகற்றியிருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியிருக்க, பாலைவனத்து வைத்தியத்தை மழைநாட்டுக்குக் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. என் விடை இதுதான்: மழையில்லாத நாட்டில் புல்லுக்குக் குடிநீர் ஊற்றுவதற்கு வேறு வழியில்லை என்ற சமாதானமாவது உண்டு, இத்தனை மழை பெய்யும் நாட்டில் அந்தச் சமாதானமும் நமக்கில்லை. கூரையில் விழும் தூய மழைநீரைச் சாக்கடைக்குள் விட்டுவிட்டு, மலையிலிருந்து வந்த குடிநீரைத் தரையில் ஊற்றுவது லாஸ் வேகாஸ் செய்ததைக் காட்டிலும் பெரிய விரயம்.

எல்லாப் புல்லும் குற்றவாளியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பத்து வீடுகளின் முன்னே தானாக முளைத்து, மழையில் தழைத்து, வெயிலில் பழுத்து, மீண்டும் மழையில் துளிர்க்கும் அகன்ற இலைப் புல்லுக்கு எவரும் நீர் ஊற்றுவதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. பிள்ளைகள் பந்தாடும் திடலும், மாலையில் முதியவர்கள் உலவும் பூங்காவும் ஊருக்கு அத்தியாவசியமானவை. அவற்றை நான் தொடவில்லை. நான் சொல்வது, சதுரம் சதுரமாக வெட்டி விற்கப்படும் மெல்லிய பிலிப்பைன் புல்லைப் பதித்து, வெயில் நாளில் பழுத்துவிடாதபடி காலையும் மாலையும் நீர் தெளித்து, "புல்லில் நடக்காதீர்" என்று பலகையும் நட்டுவைக்கும் அந்த வகைப் புல்தரையைப் பற்றியது. அலுவலக முகப்புகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயில்களிலும், தொழிற்பேட்டை வாசல்களிலும், சாலை நடுத்திட்டுகளிலும், புதிய தாமான்களின் வரவேற்பு வளைவுக்கு அடியிலும் இதைக் காணலாம். அதன் இரு மருங்கிலும் பருவத்துக்கொருமுறை பிடுங்கி நடப்படும் பூச்செடிகள் வேறு. வேர் ஆழப் போவதற்குள் அவற்றின் ஆயுள் முடிந்துவிடுவதனால், அவை பிறந்த நாள் முதல் இறந்த நாள் வரை குழாய்த் தண்ணீரையே எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

கணக்கும் பார்க்கலாம். நம் தேசத்து வெயிலில் ஒரு சதுர மீட்டர்ப் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் நீர் ஆவியாகிறது. வரிசை வீட்டின் முன்னே இருபது சதுர மீட்டர்ப் புல் இருந்தால், மழையில்லாத நாளில் அது பச்சையாய் இருக்க எண்பது லிட்டர் வேண்டும். இரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஊற்றுகிறவர் அளவோடு நிறுத்துவதில்லையாதலால், நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் பாயும் குழாயை அரைமணி நேரம் திறந்துவைத்து, முந்நூறு லிட்டரைச் செலவழித்துவிடுகிறார். மலேசியர் ஒருவர் நாள் முழுவதும் எல்லாத் தேவைகளுக்குமாகச் செலவிடும் நீர் 200 லிட்டருக்குச் சற்று மேல். அதுவே அவசியத்துக்கு அதிகம் என்று தேசிய நீர்ச் சேவை ஆணையம் பல காலமாக எடுத்துரைத்து வருகிறது. ஒரு மனிதரின் ஒரு நாளைய பங்கையும் மிஞ்சி அரைமணி நேரத்தில் புல் குடித்துவிடுகிறது. அதுவும் அணை வற்றத் தொடங்கும் வெயில் மாதங்களில்தான் அதிகமாகக் குடிக்கிறது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். குழாய்களிலேயே கசிந்து வீணாகும் நீருக்கு முன்னால் வீட்டுப் புல் எம்மாத்திரம் என்று கேட்பார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கசிவினாலும் திருட்டினாலும் பழுதான மீட்டரினாலும் கணக்கில் வராமல் போகிறது என்பதும், சிலாங்கூரில் அந்த விகிதம் சற்றே குறைவு என்பதும் உண்மை. ஆயர் சிலாங்கூர் நிறுவனம் பழைய குழாய்களை மாற்றும் வேலையை இன்னும் துரிதப்படுத்த வேண்டும். அதை வற்புறுத்துவதில் நான் எவருக்கும் பின்வாங்கமாட்டேன். ஆனால், அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்து முடிக்கும்வரை குடிமக்கள் தங்கள் பங்கை ஒத்திவைக்கலாம் என்ற வாதம் எனக்குச் சம்மதமில்லை. குழாயை மாற்றப் பல்லாண்டு பிடிக்கும். பணமும் கோடிக்கணக்கில் வேண்டும். வீட்டு வாசலில் இருக்கும் இருபது சதுர மீட்டரை மாற்ற ஒரு வார இறுதியும் ஒரு மண்வெட்டியும் போதும்.

நீரின் விலையும் நம்மை யோசிக்க விடுவதில்லை. சிலாங்கூரில் 2008 முதல் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் நீர் இலவசமாகவே வழங்கப்பட்டு, 2020-ல் அச்சலுகை குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. ஏழை வீட்டுக் குழாய்க்கு அந்தச் சலுகை இருக்கவேண்டியதே. 2024 பிப்ரவரியில் கட்டணம் திருத்தப்பட்டபோதும் முதல் 20 கன மீட்டர்வரை கன மீட்டர் ஒன்றுக்கு 65 சென்தான் நிர்ணயிக்கப்பட்டது. அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீரின் விலை ஒரு வெள்ளிகூட இல்லை. ஆனால் பட்டியலில் வராத விலையொன்று அந்த நீருக்கு இருக்கிறது. சிலாங்கூர் ஆற்று அணையைக் கட்டியபோது, கெராச்சி, பெரேதாக் ஆகிய தெமுவான் பூர்வகுடிக் கிராமங்களின் மக்கள் தங்கள் மண்ணைவிட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் குடியேற நேர்ந்தது. அவர்களுடைய பழத்தோப்புகளும் முன்னோரின் பூமியும் போயின. அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில், கோல சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், கரையோரத்து பெரெம்பாங் மரங்களில் இரவெல்லாம் ஒளிவிடும் மின்மினிகளுக்கு, ஆற்றில் நன்னீர் போதிய அளவு ஓடிக் கடல்நீரைத் தள்ளிவைத்தால்தான் வாழ்வு. இவையும் போதாமல், பஹாங் மாநிலத்து செமந்தான் ஆற்றிலிருந்து மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியே நமக்கு நீர் கொண்டுவரப்படுகிறது. இன்னொருவருடைய ஊரையும் இன்னொரு மாநிலத்தின் ஆற்றையும் கடன் வாங்கிக் குடிக்கும் நாம், அந்த நீரை எதற்குச் செலவிடுகிறோம் என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இந்தப் புல்தரை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதியவர்கள் அறிவார்கள். குன்றின் உச்சியில் துரையின் பங்களா. அதைச் சுற்றி வெட்டிச் சமப்படுத்திய பசும்புல். அதை வெட்டியவரும் நீர் ஊற்றியவரும் நம்மவர். கீழே லயன் வீடுகள். அவற்றின் நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய் அல்லது ஒரு கிணறு. கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் 1941-ல் ஆர். எச். நாதன் முதலியோரின் முயற்சியால் எழுந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்றாக இருந்தது. அந்த நாளில் தோட்டத்து வாழ்வு எவ்வளவு நுணுக்கமாக மேல் கீழ் என்று வகுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. அந்த வகுப்பின் கண்ணுக்குத் தெரிந்த சின்னமாக நின்றது, எந்தப் பிரயோஜனமும் இன்றிப் பச்சையாகக் கிடந்த அந்தப் புல்தரை. துரைமார் போய் நெடுங்காலமாகிவிட்டது. புல்லை மட்டும் நாம் மரியாதையின் அடையாளமாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

லயன் வீட்டுப் புழக்கடை வேறு சம்பிரதாயத்தைச் சேர்ந்தது. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போகும். அரிசி களைந்த கழுநீர் கறிவேப்பிலைக்கு. முருங்கைக்கு யாரும் ஊற்றவே வேண்டாம். நெல்லுக்கு இறைத்ததில் வழியிலே கசிந்ததுதான் புல்லின் பங்கு என்பது ஒளவையின் மூதுரை வாயிலாகக் குழந்தைப் பருவத்திலேயே நம் காதில் விழுந்த செய்தியல்லவா? நீரறிந்த தோட்டக்கலையை அயல்நாட்டு நிபுணர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் நம் பாட்டிமார் தகரக் கொட்டகைக்குப் பின்னால் அதைத்தான் செய்துவந்தார்கள்.

புல்லை எடுத்துவிட்டு என்ன செய்வது என்ற இடத்தில்தான் பலர் தவறான திசையில் போய்விடுகிறார்கள். கிள்ளானிலும் பண்டமாரானிலும் வரிசை வீடுகளைப் பார்த்தால், முன்வாசலின் கடைசி அங்குலம் வரை சிமெண்டு பூசி ஓடு பதித்திருப்பதைக் காணலாம். பராமரிப்பு இல்லை, சேறு இல்லை, இரண்டாவது காரையும் நிறுத்தலாம் என்பது அவர்கள் கண்ட சௌகரியம். ஆனால் ஒவ்வொரு வாசலும் இப்படிக் கல்லாகிவிட்டால், பெய்யும் மழை முழுவதும் ஒரே சமயத்தில் சாக்கடைக்குள் பாய்கிறது. கடல் பெருக்கெடுக்கும் நேரமும் அதுவாக இருந்தால், வடிய இடமின்றித் திரும்பி வீட்டுக்குள் வருகிறது. 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் அடைந்த அவதியை மறந்தவர் யார்? அந்த வெள்ளத்துக்கு வாசல் சிமெண்டே காரணம் என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு மழைக்கு எந்த வாசலும் ஈடுகொடுத்திருக்காது. ஆயினும் அன்றாட மழைக்கே தெருவில் நீர் தேங்குவதில் சிமெண்டுக்குப் பங்கு உண்டு. வெயிலை வாங்கி இரவெல்லாம் வீட்டுக்குள் வெப்பத்தை வீசுவதிலும் பங்கு உண்டு. புல்தரை நீரைக் குடிக்கிறது. சிமெண்டுத் தரை நீரை விரட்டுகிறது. மழையை ஏற்று, தாங்கி, மெல்ல விடும் மண்ணும் அதன்மேல் வேர் ஊன்றிய செடியுமே நமக்கு வேண்டியவை.

எவற்றை நடலாம்? இங்கே தமிழருக்கு ஒரு விசேஷமான பாக்கியம் வாய்த்திருக்கிறது. நம் இலக்கியம் நெய்தல் என்று வகுத்த கடற்கரை நிலத்தின் தாவரங்களே, மலாக்கா நீரிணையின் இந்தக் கரைக்கும் இயற்கையாக உரியவை. மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்பது நம் புன்னை; நற்றிணைத் தலைவி ஒருத்தி, தான் விளையாட்டாய்ப் புதைத்த காயிலிருந்து முளைத்து, தாயின் வாயால் தங்கை என்று அழைக்கப்பட்ட அந்த மரத்தின் நிழலில் நின்று காதலனோடு பேச நாணினாள். அவர்கள் கெதாப்பாங் என்பது நம் நாட்டுவாதுமை. தாப்பாக் கூடா என்பது மணலைப் பற்றிப் படரும் அடம்பங்கொடி. பூவரசும் தாழையும் அப்படியே. உப்புக்காற்றையும் வெயிலையும் களிமண்ணையும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தாங்கிப் பழகியவை இவை. வேர் பிடிக்கும் முதல் சில மாதங்கள் கவனித்துக்கொண்டால், பிறகு மழையே அவற்றுக்குப் போதும். துறைமுகத்துக்குச் செல்லும் சாலைகளின் ஓரத்திலும், பள்ளித் திடல்களின் விளிம்பிலும், அரசு அலுவலக முகப்புகளிலும் புல்லுக்குப் பதிலாகப் புன்னையும் பூவரசும் நின்றால், லாரிக்காகக் காத்து நிற்பவருக்கு நிழலும் கிடைக்கும்.

வரிசை வீட்டு வாசலுக்குப் புன்னை ஆகாது. வேர் சாக்கடையைப் பெயர்த்துவிடும். அங்கே செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, பண்டான், செராய், மஞ்சள் போன்றவற்றை நெருக்கமாக நட்டு, இடைவெளியில் மஞ்சள் பூப்பூக்கும் நிலக்கடலை வகைக் கொடியைத் தரைமூடியாகப் படரவிட்டால், கண்ணுக்குப் பசுமையும் சமையலுக்கு வாசமும் ஒருங்கே கிடைக்கும். அந்தக் கொடிக்கு வாரந்தோறும் வெட்டும் வேலை இல்லை. நம் வட்டாரத்துக் களிமண் மழையில் குழைந்து வெயிலில் வெடிக்கும் சுபாவமுடையதாதலால், மணலும் மக்கிய உரமும் கலந்து கொத்திவிட்டு, மேலே காய்ந்த இலையையோ தேங்காய் மட்டைத் துருவலையோ கையளவு கனத்துக்குப் பரப்பிவைப்பது மிக அவசியம். இந்தப் போர்வை இருந்தால் மண்ணின் ஈரம் பல நாள் நிற்கும். பாத்தியை நடைபாதையைவிடத் தாழ்வாக அமைத்து, கூரையிலிருந்து இறங்கும் குழாயின் வாயை அதற்குள் திருப்பிவிட்டால், மழை முதலில் செடிக்கும் மிஞ்சியது சாக்கடைக்கும் போகும்.

பிறகு தொட்டி. எண்பது சதுர மீட்டர்க் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,600 லிட்டர் இறங்குகிறது. பிற்பகல் இடிமழை ஒன்றே சாதாரணமாக அவ்வளவு தந்துவிடும். அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்தால் ஒரு வாரத்து வெயிலைச் செடிகள் தாண்டிவிடும். காரைக் கழுவுவதற்கும் குழாய் நீர் வேண்டியதில்லை. 1998-ன் வறட்சி கற்பித்த பாடத்தின் பயனாக, மழைநீர்ச் சேகரிப்புக்கான வழிகாட்டி நெறிகளை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 1999-லேயே வெளியிட்டது. பின்னர் சிலாங்கூர் உள்ளிட்ட மாநிலங்கள் கட்டட விதிகளைத் திருத்தி, பெரிய கூரையுள்ள புதுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கின. விதி இருக்கிறது, பழைய வரிசை வீடுகள்தான் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன, நம்மில் பெரும்பாலோர் வசிப்பது அவற்றில்தான். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும், பழையனவற்றையும் சேர்த்து, மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதலில் அது நன்மையே செய்தது. ஆனால் அமைத்த குழிகளைத் தூர்வாராமல் விட்ட ஊர் எப்படி இருக்கும் என்பதையும் 2019-ல் சென்னை காட்டியது. நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. விதி எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

தொட்டி என்றதும் கொசுவைப் பற்றிய பயம் எழுவது இயல்பே; போர்ட் கிள்ளானுக்கு அந்தப் பயம் புதிதுமல்ல. 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இத்துறைமுகம் திறக்கப்பட்ட சில மாதங்களுக்குள்ளாகவே, மலேரியாவினால் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்று, துறைமுகத்தையே மூட நேர்ந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை அடக்கிய பிறகே ஊர் பிழைத்தது. இன்று டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சதுப்பைத் தேடாமல் நம் வீட்டுத் தெளிநீரையே தேடுகிறது. ஆதலால் திறந்த பீப்பாயை வைத்துவிட்டு மழைநீர் சேகரிக்கிறேன் என்று சொல்வது பெருங்குற்றம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதத்துக்கும் உரியது. மூடிய தொட்டி, நீர் நுழையும் வாயிலும் வழிந்தோடும் வாயிலும் நுண்ணிய கம்பிவலை, வாரத்துக்கொரு முறை பார்வை ஆகிய இவை இருந்தால் பயமில்லை. தாழ்ந்த பாத்தியிலும் நீர் ஒரு நாளுக்கு மேல் நிற்காதபடி மண்ணைத் தளர்த்திவைக்க வேண்டும்.

வீடுகள் தங்கள் பங்கைச் செய்தாலும், பெரிய பரப்பு பொது நிறுவனங்களின் வசமே இருக்கிறது. 1996-ல் தேசிய நிலக்காட்சித் துறை நிறுவப்பட்ட காலத்திலிருந்து ஊர்களை அழகுபடுத்துவதற்குப் பெரும் பொருள் செலவிடப்பட்டு வருகிறது. நகரம் அழகாக இருக்கவேண்டும் என்ற நோக்கத்தில் யாருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. அழகு என்பதற்கு அண்டை நாடு கொடுத்த பொருளைப் பாருங்கள்: சிங்கப்பூர் 2006-ல் தொடங்கிய நீர்வழித் திட்டத்தின்கீழ், பீஷான் பூங்காவை ஒட்டி நேர்கோடாய் ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, செடிகொடிகள் கரைகட்டும் வளைந்த ஆறாக 2012-ல் மாற்றியது. மழைநாளில் வெள்ளத்தைத் தாங்குவதும் அதுவே. வெயில் நாளில் மக்கள் உலவுவதும் அதன் கரையிலேதான். நம் நீர்ப்பாசன, வடிகால் துறையின் சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வடிகால் கையேடும் இத்தகைய முறைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போதித்துவருகிறது.

கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமாக உயர்த்தப்பட்டது. அந்தக் கௌரவத்துக்கு ஏற்ற முதற்காரியமாக, மாநகர் மன்றம் தன் பராமரிப்பில் உள்ள புல்வெளிகளை, மக்கள் பயன்படுத்துவன, பயன்படுத்தாதன என்று இரண்டாகப் பிரித்துக் கணக்கெடுக்கலாம். நெவாடா மாநிலம் 2021-ல் இயற்றிய சட்டமும் இந்தப் பாகுபாட்டையே ஆதாரமாகக் கொண்டது: விளையாடும் புல்லையும் வீட்டுப் புல்லையும் விட்டுவிட்டு, அலுவலக முகப்பிலும் சாலை நடுவிலும் அலங்காரத்துக்காக மட்டும் கிடக்கும் புல்லுக்குக் கொலராடோ நீரைப் பாய்ச்சுவதை 2027 முதல் அது தடை செய்கிறது. நாமும் சாலை நடுத்திட்டுப் பராமரிப்புக் குத்தகை புதுப்பிக்கப்படும்போதெல்லாம், குத்தகைக்காரர் ஊற்றும் நீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்டு, சுத்திகரித்த குடிநீருக்கு அனுமதியில்லை என்று ஷரத்தில் சேர்க்கலாம். புதிய தாமானுக்கு வரைபடம் சமர்ப்பிக்கிறவர், வரவேற்பு வளைவுக்கு அடியில் எந்தச் செடியை நடப்போகிறார் என்பதோடு, அதற்கு எந்த நீர் என்பதையும் சொல்லவேண்டும் என்று விதிக்கலாம். பழைய வரிசை வீடுகளில் தொட்டி அமைப்பவருக்கு மதிப்பீட்டு வரியில் சிறு கழிவு கொடுத்தால், பண்டமாரானிலும் காப்பாரிலும் மேருவிலும் ஆயிரக்கணக்கான கூரைகள் இந்தக் கணக்கில் சேரும்.

நம்மவர் கையிலேயே உள்ள இடங்களும் உண்டு, அவை கோயில்கள். பழைய நாளில் நந்தவனம் இல்லாத கோயில் பூரணமாகக் கருதப்படவில்லை. ஸ்தல விருட்சத்துக்கு வழிபாடே நடந்தது. இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் திருப்பணி நடக்கும் பல இடங்களில், வாகனம் நிறுத்துவதற்காக வளாகம் முழுவதும் தளமிடப்பட்டு, ஓரத்தில் மட்டும் தண்ணீரை நம்பி வாழும் புல் ஒரு கோடுபோல் பதிக்கப்படுகிறது; அர்ச்சனைக்குரிய பூவோ சந்தையிலிருந்து வருகிறது. ஐந்நூறு சதுர மீட்டர் மண்டபக் கூரையில் ஒரு நல்ல மழைக்குப் பத்தாயிரம் லிட்டர் இறங்கும். துளசிக்கும் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் வில்வத்துக்கும், பிரகாரம் கழுவுவதற்கும் அது தாராளம். திருப்பணிக் குழுவினர் கட்டடக் கலைஞரிடம் வரைபடம் கேட்கும் அன்றைக்கே, மூடிய மழைநீர்த் தொட்டிக்கும் நந்தவனத்துக்கும் இடம் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். தளம் போட்டு முடித்த பிறகு அதற்கு இடமும் இராது, நிதியும் இராது.